நானோ என்றாலே கவசம்தானா?

இரண்டு வருடம் முன்பு சித்திக்குச் சினைப்பைப் புற்றுநோய் சிகிச்சை நடந்தது. கீமோ நாட்களில் துணைக்கு நான்தான் போவேன். மணிக்கணக்கில் உட்கார வேண்டும் என்பதால் பையில் எப்போதும் ஒரு காமிக்ஸ் இருக்கும். அன்றைக்கு இருந்தது அயர்ன் மேனின் ‘எக்ஸ்ட்ரீமிஸ்’. 2005இல் தொடங்கிய கதை. வாரன் எல்லிஸ் எழுத, ஆடி கிரானோவ் வரைந்தது. கண்ணுக்கே தெரியாத அளவு சின்னதான நானோ குழாய்களைக் கோடிக்கணக்கில் ஒரு திரவத்தில் கலந்து ஊசியில் ஏற்றுவார்கள். அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் அதைப் போட்டுக்கொண்ட பிறகு, கவசத்தின் உள்ளுறை அவன் எலும்புக்குள்ளேயே போய்த் தங்கிவிடும். நினைத்த மாத்திரத்தில் தோல் வழியாக வெளியே வரும்.

தலையைத் தூக்கினால், சித்தியின் கையில் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த சிவப்பு மருந்து. லைப்போசோம் என்ற குட்டிக் கொழுப்பு உருண்டைகளில் அடைத்த டாக்ஸோரூபிசின் என்ற புற்றுநோய் மருந்து. அதுவும் நானோதான். மடியில் ஒரு நானோ, ஸ்டாண்டில் ஒரு நானோ. இரண்டுக்கும் துளியும் ஒற்றுமை இல்லை. அன்றிலிருந்து இது மனதில் கிடக்கிறது.

காமிக்ஸுக்கு ஒவ்வொரு காலத்திலும் ஒரு மந்திரக்கோல் தேவைப்பட்டிருக்கிறது. நம் இரும்புக்கை மாயாவிக்கு மின்சாரம்: ஷாக் அடித்தால் உடம்பு மறையும், கை மட்டும் தெரியும். ஸ்பைடர்மேனுக்கும் ஹல்க்குக்கும் கதிர்வீச்சு. தொண்ணூறுகளில் அந்த இடத்துக்கு நானோ வந்தது. பிளட்ஷாட் என்ற நாயகனின் ரத்தத்தில் ஓடுவது நானைட்டுகள், அதாவது நானோ அளவு ரோபோக்கள். சுட்டாலும் காயம் ஆறிவிடும். 1999இல் வந்த ‘தி அத்தாரிட்டி’யில் எஞ்சினியர் என்ற பெண், தன் ரத்தத்தை எடுத்துவிட்டு ஒன்பது பைண்ட் திரவ இயந்திரத்தை உடம்பில் ஓடவிடுகிறாள். அதையும் எழுதியவர் எல்லிஸ்தான். 2018இல் திரைப்படத்திலும் அயர்ன் மேன் நானோ கவசத்துக்கு மாறிவிட்டார். கேடயம் வேண்டுமா, கத்தி வேண்டுமா, எல்லாம் அதிலிருந்தே முளைக்கிறது.

இவற்றை நான் ரசித்துப் படித்தவன். ஆனால் இவற்றில் நானோ என்பது, சொன்ன பேச்சைக் கேட்கும் களிமண். அந்தக் களிமண்ணை வைத்து மறுபடி மறுபடி ஆயுதமும் கவசமுமே செய்கிறோம். இதுதான் என் வருத்தம்.

கதைக்கு வெளியிலும் இது நடந்தது. 2002இல் அமெரிக்க ராணுவம், படைவீரர்களுக்கான நானோ தொழில்நுட்ப ஆய்வு மையம் அமைக்க அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்துக்கு ஐந்து வருடத்துக்கு 5 கோடி டாலர் கொடுத்தது. எம்ஐடி அனுப்பிய விண்ணப்பத்தில் எதிர்காலப் படைவீரரின் ஓவியம் ஒன்று இருந்தது. பத்திரிகைகளிலும் அது வந்தது. அதைப் பார்த்து ரே லாய், பென் லாய் என்ற சகோதரர்கள் திடுக்கிட்டார்கள். மான்ட்ரியலில் இருந்துகொண்டு ‘ரேடிக்ஸ்’ என்ற காமிக்ஸை வெளியிட்டுவந்தவர்கள் அவர்கள். அந்த ஓவியம் அப்படியே அவர்களுடைய நாயகி! தெரியாமல் நடந்துவிட்டது என்று எம்ஐடி மன்னிப்புக் கேட்டது. நாளைக்கு நாங்கள்தான் எம்ஐடியைப் பார்த்து வரைந்தோம் என்று ஜனங்கள் நினைப்பார்களே என்பது அந்தச் சகோதரர்களின் ஆதங்கம். எனக்கு அவர்கள் பக்கம்தான் நியாயம் தெரிகிறது. ஆய்வகத்தில் இன்னும் செய்யப்படாத ஒன்றுக்கு முகம் கொடுத்தது ஒரு காமிக்ஸ் ஓவியனின் கை. அந்தக் கைக்கு இவ்வளவு பலம் இருக்கிறது என்பதால்தான், அது எதை வரைகிறது என்பதைப் பற்றி இத்தனை பேசுகிறேன்.

சரி, நிஜமான நானோ உலகம் எப்படி இருக்கும்? ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். அங்கே இறங்கிப் போனால், நமக்குத் தெரிந்த தண்ணீர் தண்ணீராக இருக்காது. எட்வர்ட் பர்செல் என்ற இயற்பியலாளர் 1977இல் பாக்டீரியாவை வைத்தே இதை விளக்கினார். அதற்குத் தண்ணீர் என்பது பாகு மாதிரி. நீந்துவதை நிறுத்தினால், ஒரு அணுவின் அகலம்கூட நகராமல் நின்றுவிடும். பாக்டீரியாவைவிடச் சிறியவற்றின் பாடு இன்னும் மோசம். திருவிழாக் கூட்டத்தில் சிக்கிய குழந்தை போல, நாலாபுறமும் மூலக்கூறுகள் இடித்துக்கொண்டே இருக்கும். விர்ரென்று பறந்து போய்ச் சண்டை போடும் குட்டி ரோபோவுக்கு அங்கே வேலையே இல்லை.

அதனால்தான் சித்தியின் மருந்து பறக்கவில்லை, போன போக்கில் போனது. கொழுப்பால் ஆன குட்டி உருண்டைகள், ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 100 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரத்தை வரிசையாக வைக்கலாம். உள்ளே இருப்பது இதயத்தைக் கெடுக்கக்கூடிய கடுமையான மருந்து. உருண்டைக்குள் அடைத்ததால் இதயத்துக்கு வரும் கேடு குறைகிறது. புற்றுநோய்க் கட்டிக்குப் போகும் ரத்தக்குழாய்கள் அவசரத்தில் கட்டிய சுவர் போல, ஓட்டை ஓட்டையாக இருக்கும். உருண்டைகள் அந்த ஓட்டை வழியே கசிந்து கட்டிக்குள் தங்கிவிடும் என்பதுதான் இதன் அடிப்படை யோசனை. அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: உருண்டையின் மேல் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொருளால் ஒரு போர்வை. நோய் எதிர்ப்பு செல்கள் சீக்கிரம் அடையாளம் கண்டு விழுங்காமல் இருக்க! நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்றும் ஒரு நிஜ மாயாவி. 1995இலேயே அமெரிக்காவில் இந்த மருந்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது. இத்தனை வருடத்தில் இதை வரைந்த ஒரு காமிக்ஸ்கூட என் கண்ணில் படவில்லையே என்று எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

கவசத்தை விட்டு வெளியே வந்த காமிக்ஸ் இல்லாமலும் இல்லை. ‘டிரான்ஸ்மெட்ரோபாலிட்டன்’ கதையில் ஒரு மனிதன் உடலை உதறிவிட்டு, நானோ இயந்திரங்களால் ஆன மேகமாக மாறிவிடுகிறான். சண்டைக்காக இல்லை, அப்படி வாழ விருப்பம், அவ்வளவுதான். அந்தப் பக்கங்களை இன்றும் எடுத்து எடுத்துப் பார்ப்பேன். அதை எழுதியதும் எல்லிஸ்தான் என்பதால் அவர்மேல் எனக்குக் கோபம் நிற்பதில்லை.

சித்தியின் மருந்து மாதிரி நிஜ நானோவைக் காட்ட, காமிக்ஸ் போலத் தோதான கலை வேறு கிடையாது. ஒரு கட்டத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில், அடுத்த கட்டத்தில் ரத்தக்குழாய், அதற்கடுத்து ரத்த அணு, அதன் பக்கத்தில் கடுகாக அந்த உருண்டை. நாலே கட்டத்தில் கீழே இறங்கிவிடலாம். வரைபவர் ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்த உருண்டைகள் கட்டியில் மட்டும் கசிவதில்லை. கையிலும் காலிலும்கூடக் கசியும். மூன்றாவது முறை மருந்து ஏற்றிய பிறகு சித்திக்கு உள்ளங்கை சிவந்து தோல் உரிந்தது. ஒரு வாரம் அவரால் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. நான்தான் பிடித்துக்கொண்டு காபி கொடுத்தேன். அந்தக் கட்டமும் வேண்டும்.