பாசி மட்டும் செழிப்பாக வளர்கிறது

இரண்டடி மீன்தொட்டி, சுமார் 55 லிட்டர் தண்ணீர். கொளத்தூரில் வாங்கி வந்த அனுபியாஸ் என்ற நீர்ச்செடி ஒரு புது இலை விட வாரக்கணக்கில் யோசிக்கிறது. அந்த இலையில் பாசி குடியேற மட்டும் யோசிப்பதே இல்லை. ஓரமெல்லாம் கறுப்பாகத் தாடி. பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் இலைதான் கிழிகிறது, தாடி அசைவதில்லை.

கடைக்காரரிடம் கேட்டால், "லைட்டைக் குறைங்க சார்." சரி என்று 8 மணி நேரத்தை 6 ஆக்கினேன். பக்கத்தில் இருந்த வேலிஸ்நேரியா செடி வெளுத்தது, தாடி அப்படியே இருக்கிறது. அடுத்து கார்பன் டை ஆக்சைடு சிலிண்டராம். சமையல் கேஸ் விலைக்கே புலம்பும் அம்மாவிடம், செடிக்கு ஒரு சிலிண்டர் என்று எந்த வாயால் சொல்வது?

அப்புறம் இந்த நத்தை. காசு கொடுத்து வாங்கியது பத்து நியான் டெட்ரா மீன். செடியோடு ஓசியில் ஒட்டி வந்தது ஒரே ஒரு நத்தை. அதற்கு ஜோடிகூடத் தேவையில்லை, தனியாகவே முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும். இப்போது கண்ணாடி முழுக்க ஜெல்லி ஜெல்லியாக முட்டை.

நேற்று வந்த பெரியப்பா வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "நத்தையாடா வளக்குற? நல்லா வந்திருக்கு."