பதிவுக்கு நாலு நாள் இருக்கும்போது

வீடு வாங்க லோன் கேட்ட வங்கியில் இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா என்று கேட்டதையெல்லாம் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, என்ஜினீயர் வந்து வீட்டை அளந்துவிட்டுப் போய், பிராசஸிங் ஃபீஸும் கட்டியாச்சு. பத்திரப் பதிவுக்கு நாலு நாள் இருக்கும்போது போன் வருகிறது: "சாரி சார், லோன் ரிஜெக்ட் ஆயிடுச்சு." ஏன் என்று கேட்டால் பதில் இல்லை. காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி சொன்னது, விடாமல் கேட்டு வாங்குங்கள். நான் வாங்கினேன். 2019-இல் கட்டி முடித்த பைக் லோன், நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் இன்னும் பாக்கியாக நிற்கிறதாம்! இதை முதல் வாரமே பார்த்துச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? சிபில் அறிக்கையை வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகவே எடுக்கலாம், முதலில் அதை எடுத்துப் பாருங்கள். அப்புறம், லோன் கிடைக்காவிட்டால் அட்வான்ஸ் திரும்ப வரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். என் 2 லட்சம் இன்னும் வீட்டை விற்பவரிடம்தான் இருக்கிறது.