வீதியோர மஞ்சள் பூச்செடி பொற்றலைக் கையான் அன்று

மலையகத்தில் லயங்களின் மேட்டுச் சரிவுகளையும் வீதியோரங்களையும் மூடிப் படரும் மஞ்சள் பூச்செடிதான் பொற்றலைக் கையான் எனும் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்றும், அதன் சாற்றைக் குடித்தால் செங்கமாரி தீரும் என்றும் வட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. அந்தச் செய்தியோடு வரும் படத்தில் உள்ளது, அழகுக்காகவும் மண்ணை மூடவும் கொண்டுவந்து நட்ட, வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட வேறொரு செடி. உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் அதுவும் இடம்பெற்றுள்ளது.

இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, இரண்டும் தரையில் படர்பவை, கணுக்களில் வேர்விடுபவை என்பதால் பூவை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவது இயல்பே. இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள்: வீதியோரச் செடியின் இலை பளபளப்பாக, சற்றுத் தடித்து, நடுமடலின் இருபுறமும் சிறு மடல்கள் பிதுங்கி மூன்றாகப் பிரிந்திருக்கும். பொற்றலைக் கையானின் இலையோ ஒடுங்கி நீண்டு, மடல் பிரியாமல், தடவினால் சொரசொரப்பாக இருக்கும். இளந்தளிர்களில் மடல் தெளிவாகத் தெரியாமல் போகலாம்; ஆகவே ஒரே கொடியில் முதிர்ந்த இலைகள் பலவற்றைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

கண் மஞ்சளித்த பிள்ளைக்கு எந்தச் சாற்றையும் கொடுத்துக் காத்திருக்காமல், முதலில் ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். செங்கமாரிக்குக் காரணங்கள் பல.