கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது முகத்தில் புதிதாக ஒன்றும் பூசாதேங்கோ

தை மாதத்தில் கலியாணம் என்றால் மண்டபம், ஐயர், சாப்பாடு, கமரா எல்லாம் ஆவணியிலேயே பேசி முடிந்துவிடும். பொம்பிளையின் முகத்தைப் பற்றிய யோசனை மட்டும் பொன்னுருக்கல் நெருங்கும்போதுதான் வரும். பிறகு ஒரே கிழமைக்குள் பேஷியல், பிளீச், வக்ஸ், மாமி லண்டனிலிருந்து கொண்டுவந்த சீரம் என்று ஒன்றன்மேல் ஒன்றாக முகத்தில் ஏறும். மணவறையில் சிவந்து தடித்த கன்னத்தோடு இருக்கிற பிள்ளைகள் பலருக்கு அந்தக் கோலத்தைக் கொடுத்தது கடைசிக் கிழமைதான்.

தோலுக்கு ஒரு கணக்கு உண்டு. மேல்தோலின் அடியில் உருவாகிற கலம் மேலே வந்து உதிர ஏறக்குறைய 28 நாள் பிடிக்கும். வயது ஏற ஏற அது இன்னும் நீளும். அதனால் நிலைத்து நிற்கிற நல்ல மாற்றம் பெரும்பாலும் ஒரு மாதத்துக்கு முன் கண்ணுக்குத் தெரியாது. முகப்பருவுக்கு 8 முதல் 12 கிழமை வேண்டும். ஒரு பரு விட்டுப்போன கறுப்புத் தழும்பு எங்கள் நிறத் தோலில் மங்க மாதக்கணக்காகும். தையில் கலியாணம் என்றால் ஐப்பசி பிறக்கும்போதே தொடங்க வேண்டும் என்பது இந்தக் கணக்கிலிருந்து வருகிறது.

அந்த மூன்று மாதத்தில் செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. காலையும் இரவும் மென்மையான பேஸ்வாஷ். குளிக்கிற சவர்க்காரம் முகத்துக்கு வேண்டாம். அதன் பிஎச் (காரமா அமிலமா என்று காட்டுகிற அளவு) பெரும்பாலும் 9, 10 வரை காரப் பக்கம் போகும், தோலோ 5 அளவில், அமிலப் பக்கம் இருக்கிறது. கொழும்பு வெக்கையில் வேர்க்கிறது, பிறகு ஏன் மொய்ஸ்சரைசர் என்று கேட்பார்கள். நாள் முழுக்க ஒபிஸ் ஏசிக்குள் இருக்கிற முகம் மேலே எண்ணெயும் உள்ளே வறட்சியுமாகத்தான் இருக்கும். கிளிசரின் சேர்ந்த ஜெல் வகை போதும். நயசினமைட் (விற்றமின் பி3 வகை) 4, 5 வீதம் இருந்தால் எண்ணெயும் தழும்பும் கொஞ்சம் குறையும். காலையில் எஸ்பிஎப் 30க்குக் குறையாத சன்ஸ்கிறீன், சுட்டுவிரல் நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி, முகத்துக்கும் கழுத்துக்கும். பட்டாணி அளவு தொட்டுப் பூசினால் டப்பாவில் எழுதியிருக்கிற பாதுகாப்பில் கால்வாசியும் கிடைக்காது. நாங்கள் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை வடக்கே. மழைக்காலத்திலும் வெயில் விடாது. காலி வீதி பஸ்ஸில் யன்னல் கண்ணாடி மூடியிருந்தாலும் முகத்தைக் கறுக்க வைக்கிற கதிர் உள்ளே வரும்.

இனி வெள்ளையாக்குகிற கிறீம். இதில்தான் எனக்குக் கோபம் வரும். பெண் பார்க்கும்போது பிடித்த நிறம் தாலி கட்டும்போது மட்டும் ஏன் பிடிக்காமல் போகிறது? பெற்ற தாயே "கொஞ்சம் வெளுத்தால் போட்டோவுக்கு நல்லது" என்று வாங்கிக் கொடுப்பதைக் கேட்கும்போது மனம் நோகிறது. அந்தச் சிறிய டப்பாவை ஒருமுறை கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். செய்த நிறுவனத்தின் விலாசம் இருக்காது. சேர்மானம் இருக்காது, இருந்தாலும் பாதி. சிலவற்றில் "தங்கம், வெள்ளி நகைகளில் படாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று சிறிய எழுத்தில் இருக்கும். அந்த ஒரு வரி போதும், டப்பாவைக் குப்பையில் போட. நகையில் படக்கூடாத கிறீமுக்குள் பாதரசம் இருக்கலாம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனமே சொல்கிற அடையாளங்களில் அதுவும் ஒன்று. பாதரசம் தங்கத்தோடு ஒட்டிக் கலந்து அதை வெளிறச் செய்யும். வெளிச்சத்தில் திறந்து வைத்தால் சாம்பல் நிறமாக மாறுகிற கிறீமும் அதே சந்தேகத்துக்குரியது. பாதரசம் தோலோடு நிற்பதில்லை. சிறுநீரகத்துக்குப் போகும், வயிற்றிலிருக்கிற பிள்ளைக்கும் போகும். தாலி ஏறப்போகிற கழுத்தில் அதைப் பூசுகிறோம் என்பதை அம்மாமார் யோசிக்க வேண்டும்.

மற்ற வகை, பாமசியில் சீட்டில்லாமல் வாங்குகிற ஸ்டீரொய்ட் கிறீம். பெட்டாமெதசோன், குளோபெட்டசோல், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஒன்று டியூப்பில் இருந்தால் அது மருந்து, அழகுசாதனம் இல்லை. பத்து நாளில் முகம் பளிச்சென்று வரும், எல்லோரும் கேட்பார்கள். இரண்டு மூன்று மாதத்தில் தோல் மெலிந்து நரம்பு தெரியும், பரு கிளம்பும், பூனைமயிர் கூடும். விட்டால் சில நாளில் நெருப்புப் பட்டதுபோல் சிவந்து எரியும், அதற்குப் பயந்து திரும்பவும் பூசுவார்கள். மாதக்கணக்காகப் பூசியவர் கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது தானாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. டியூப்பையும் எடுத்துக்கொண்டு தோல் வைத்தியரிடம் போங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையின் தோல் கிளினிக்கில் காசில்லாமல் காட்டலாம், வரிசையில் நிற்கப் பொறுமைதான் வேண்டும்.

பரு உள்ளவர்கள் வைத்தியரிடம் முதலில் சொல்ல வேண்டிய வசனம்: "எனக்கு இன்ன மாதம் கலியாணம், பிள்ளைக்கும் யோசிக்கிறோம்." அடபலீன் போன்ற இரவு மருந்து ஒன்றைத் தருவார். முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு, முதலில் ஒன்றுவிட்ட ஒரு நாள். முதல் இரண்டு மூன்று கிழமை முகம் காய்ந்து பரு கூடினதுபோல் இருக்கும். அந்த நேரத்தில்தான் பலர் மருந்து ஒத்துவரவில்லை என்று விட்டுவிடுகிறார்கள். கலியாணத்துக்கு மூன்று கிழமைக்கு முன் இதைத் தொடங்கினால் மிக மோசமான நாளும் முகூர்த்த நாளும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்து நிற்கும். அந்த வசனத்தை முதலில் சொல்லச் சொன்னது, இந்த வகை மருந்துகள் கர்ப்பத்துக்கு ஆகாது என்பதால்தான். கடும் பருவுக்குத் தருகிற ஐசோட்ரெட்டினோயின் குளிசை என்றால் இன்னும் கண்டிப்பு: குடிக்கிற காலத்திலும் நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் கர்ப்பம் தங்கவே கூடாது, பிள்ளைக்குப் பெரிய ஊனம் வரும். கலியாணப் பொம்பிளைக்கு இதைவிட முக்கியமான தகவல் இந்தப் பதிவில் வேறில்லை.

முதுகை எல்லோரும் மறப்பார்கள். கூறைக்குத் தைக்கிற பிளவுஸ் பின்கழுத்து இறங்கித்தான் இருக்கும், கமராக்காரர் பாதி நேரம் பின்னால்தான் நிற்பார். முதுகிலும் நெஞ்சிலும் நெற்றி ஓரத்திலும் ஒரே அளவில் சின்னச் சின்னதாக அரிக்கிற பருக்கள் பல நேரம் பங்கசால் வருபவை. வேர்வை ஊரில் அது சாதாரணம். சாதாரண பரு மருந்துக்கு அடங்காது. கீட்டோகொனசோல் 2 வீத ஷாம்புவை நுரைத்துப் பூசி 5 நிமிடம் விட்டுக் கழுவுவது, கிழமைக்கு இரண்டு மூன்று தரம், சில கிழமைக்கு, பலருக்குக் கேட்கும். தேமலும் இந்தக் குடும்பம்தான். மருந்தில் பங்கசு சீக்கிரம் சாகும், ஆனால் வெளிறிய இடத்துக்கு நிறம் திரும்ப மாதங்கள் எடுக்கும். நிறம் வரவில்லையே என்று மருந்தைக் கூட்டிப் பூசிப் பிரயோசனமில்லை.

சலூன் விஷயங்கள். பிளீச் தோலை வெளுப்பாக்குவதில்லை, முகத்து மயிரின் நிறத்தை மாற்றுகிறது, அவ்வளவுதான். ஐதரசன் பெரொக்சைட்டும் அமோனியாவும் சேர்ந்த கலவை, அதில் பவுடர் கொஞ்சம் கூடினாலும் நிமிடம் கூடினாலும் கன்னம் வேகும். முன்பு ஒத்துவந்தவர் என்றாலும் ஒரு கிழமைக்கு முன்னரே. புதியவர் காதுக்குப் பின்னால் கொஞ்சம் பூசிக் கழுவி 48 மணித்தியாலம் பார்க்க வேண்டும். பீலிங் (அமிலம் பூசி மேல்தோலை உரிப்பது) செய்விக்கிறதென்றால் கடைசித் தடவை நான்கு கிழமைக்கு முன் முடிய வேண்டும். தவறினால் எங்கள் தோலில் எரிந்த இடம் கறுக்கும். கடைசி பேஷியல் 5, 7 நாளுக்கு முன், அதுவும் ஏற்கெனவே பழகின இடத்தில் பழகின பேஷியல். கரும்புள்ளி பிதுக்க விட வேண்டாம், நகம் பட்ட இடம் தழும்பாகும். புருவம் எடுப்பது இரண்டு மூன்று நாளுக்கு முன். இரவில் அடபலீன் பூசுகிறவர் முகத்தில் வக்ஸோ நூலோ போடுவதற்கு ஒரு கிழமைக்கு முன் அதை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் வக்ஸோடு மேல்தோலும் உரிந்து வரும், அதை மறைக்கிற பவுண்டேஷன் இன்னும் வரவில்லை.

வீட்டு வைத்தியத்தில் பயத்தம்மா, கற்றாழை, மரமஞ்சள் எல்லாம் முன்பே பழக்கமிருந்தால் தொடரலாம். தேசிக்காய் வேண்டாம். புளிப்பு எரிக்கும், சாறு பட்ட தோல் வெயிலில் கொப்பளித்துக் கறுக்கும். மஞ்சள் கடைசி இரண்டு நாள் கனமாக வேண்டாம். கறை பிடித்த தோலில் பவுண்டேஷனின் நிறம் பிசகும்.

மேக்கப் ட்ரயல் இல்லாமல் யாரையும் வெளிக்கிடுத்த விடாதேங்கோ. சலூனின் மஞ்சள் லைட்டில் எல்லா முகமும் அழகு. யன்னலோரம் போய், தாடை எலும்பில் மூன்று நிறத்தைக் கோடாக இழுத்துப் பாருங்கள். எது கழுத்தோடு கரைந்து காணாமல் போகிறதோ அதுதான் உங்கள் நிறம். இரண்டு நிறம் கூட்டிப் போட்டால் முகம் சாம்பல் பூத்து, கழுத்து வேறாளுடையது மாதிரி நிற்கும். கண்ணடிக் கருவளையத்துக்கு வெள்ளைக் கன்சீலர் போட்டாலும் சாம்பல்தான் வரும், அடியில் பீச் அல்லது ஒரேஞ்ச் நிறம் மெல்லியதாக வேண்டும். பிறகு இருட்டில் பிளாஷ் போட்டு ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். சிலிக்கா கூடின பவுடரும் சில சன்ஸ்கிறீனும் பிளாஷில் முகத்தை மாவாகக் காட்டும். அன்று ஒட்டுப் பொட்டும் ஒட்டு இமைப் பசையும் போட்டுப் பார்க்க வேண்டும். சில பொட்டுப் பசையில் இருக்கிற இரசாயனம் நெற்றியில் அரிப்பும், சிலருக்கு நிரந்தர வெள்ளைப் புள்ளியும் கொடுக்கும். மருதாணி இரண்டு நாளுக்கு முன். நிறம் முழுதாக ஏற 24 முதல் 48 மணித்தியாலம் போகும். உடனே கறுப்பாகப் பிடிக்கிற கோன் தலைமயிர்ச் சாயம் கலந்ததாக இருக்கலாம், கை கொப்பளிக்கும்.

அன்று காலை பாலறுகு வைத்துத் தோயவார்த்த பிறகு தலையை நன்றாக அலசி உலர்த்த ஒரு மணித்தியாலம் தனியாக ஒதுக்குங்கள். ஈரத் தலையில் கட்டிய கொண்டையிலிருந்து வழிகிற தண்ணீர் நெற்றி மேக்கப்பைக் கொண்டுபோகும். முகம் கழுவி, மொய்ஸ்சரைசர் போட்டுப் பத்து நிமிடம் விட்டுத்தான் பிரைமர். மணவறையில் ஓமப்புகை கண்ணைக் கலங்க வைக்கும், அதனால் ஐலைனரும் மஸ்காராவும் நீர்புகாததாக இருக்கட்டும். லென்ஸ் போடுகிறவர் மேக்கப்புக்கு முன் போட வேண்டும்.

கூறை மாற்ற உள்ளே வருகிற அந்த நேரம்தான் முகத்தைத் திருத்தக் கிடைக்கிற ஒரே இடைவேளை. எல்லோரும் கொசுவத்தோடு சண்டை பிடிக்கும்போது ஒருவர் முகத்துக்கென்று நிற்க வேண்டும். டிசுவை இரண்டாக மடித்து மூக்கோரம், மேலுதடு, நெற்றிச்சுட்டியின் கீழ் ஒற்றி எடுங்கள். துடைத்தால் மேக்கப் கோடாகக் கிளம்பும். வேர்வை ஒற்றாமல் பவுடர் போட்டால் அது களியாகி வெடிக்கும். ஒற்றி, மெல்லிய பவுடர் அழுத்தி, உதட்டுக்கு ஒரு தொடுகை, சிறிய பானின் காற்று கழுத்துக்கு. நாலு நிமிடம் போதும்.

மாப்பிள்ளைக்கும் இது உண்டு. கலியாணத்துக்கென்று ஜிம்முக்குப் போய்க் குடிக்கிற வே புரோட்டீன் (பால் புரதப் பொடி) சிலருக்குப் பருவைக் கிளப்பும். முகூர்த்தக் காலை அவசரத்தில் மயிரின் எதிர்ப்பக்கமாகச் சவரம் செய்தால் கழுத்து முழுக்கச் சிவப்புப் புள்ளிதான். முதல்நாள் மாலை, வெந்நீரில் நனைத்து, மயிர் சாய்கிற பக்கமாக, புது பிளேட்டால் செய்யட்டும். தலைப்பாகையை நெற்றியில் வைத்துப் பார்க்கிற நாளில் உள்விளிம்பைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும்.

இரவு வரவேற்பு முடிந்து எவ்வளவு களைத்தாலும் மேக்கப்போடு படுக்க வேண்டாம். முதலில் ஒட்டு இமையைப் பசையோடு எண்ணெயில் நனைத்து, இழுக்காமல் கழற்றுங்கள். பிறகு உலர்ந்த முகத்திலேயே எண்ணெய்க் கிளென்சரைத் தடவி ஒரு நிமிடம் கரைய விட்டு, பேஸ்வாஷால் கழுவி, மொய்ஸ்சரைசர். அடுத்த மூன்று நாளும் அவ்வளவுதான், விருந்துக்குப் போகிற வீடுகளில் என்ன கிறீம் தந்தாலும்.