சுங்கம் கட்டினால் சாலை சொந்தமாகிவிடுமா?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கம் எடுத்த அந்தக் காணொளியை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மீன் கூடையோடு சாலையைக் கடந்த அக்காவைப் பார்த்து, "டோல் கட்டித்தானே வருகிறோம், குறுக்கே வந்து நிற்கிறாயே" என்று காரிலிருந்து ஒருவர் கத்துகிறார். பார்த்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

சுங்கம் என்பது வண்டி ஓட்டுவதற்குக் கொடுக்கும் கட்டணம். சாலையின் விலை அல்ல.

ஊர்களுக்கு இடையே ஏற்கெனவே கிடந்த சாலைகளைச் சேர்த்து அகலப்படுத்தித்தான் கிழக்குக் கடற்கரைச் சாலை உருவானது. சுங்க வசூல் தொடங்கியது 2002-இல். குப்பங்கள் அதற்கு எத்தனையோ தலைமுறை முந்தியவை. வீடு ஒருபுறம், பஸ் நிறுத்தமும் ரேஷன் கடையும் மறுபுறம் என்றால் கடக்காமல் என்ன செய்வார்கள்?

என் சித்தி உப்பளத்தில் வேலை செய்தவர். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் நிற்க முடியாது என்பதால் இருட்டிலேயே கிளம்புவார். உப்புநீரில் நின்று நின்று பாதம் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அந்தப் பாதத்தோடு சாலையை ஓடிக் கடக்க முடியாது. தொலைவில் வண்டி விளக்கு தெரிந்தாலே சாலையோரம் நின்றுவிடுவார். சனி, ஞாயிறு என்றால் அந்த விளக்கு வரிசை ஓயவே ஓயாது.

அந்தக் காணொளியின் கீழே "நடைமேம்பாலத்தில் போகலாமே" என்று எழுதுகிறீர்கள். எங்கள் ஊர்ப் பக்கம் வந்து அது எங்கே இருக்கிறது என்று காட்டுங்கள். "சுங்கம் இல்லாமல் சாலையை எப்படிப் பராமரிப்பது" என்பது நியாயமான கேள்விதான். சுங்கமே கூடாது என்று நான் சொல்லவில்லை. "நாங்கள் வருவதால்தான் உங்களுக்குப் பிழைப்பு" என்று எழுதியவருக்குப் பதில் எழுதக் கை கூசுகிறது. முட்டுக்காட்டுக் கழிமுகம், மரக்காணத்து உப்புக் குவியல் என்று நீங்கள் இறங்கிப் படம் எடுக்கும் இடமெல்லாம் யாரோ ஒருவர் உழைக்கும் இடம்.

2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்தபோது எங்கள் குப்பத்து மக்கள் இந்தச் சாலையில்தான் ஏறி நின்றார்கள். காரில் போனவர்கள் நிறுத்தி, குழந்தைகளையும் முதியவர்களையும் ஏற்றிக்கொண்டார்கள். அவர்களும் சுங்கம் கட்டி வந்தவர்கள்தான். அப்படிப்பட்ட மனிதர்களைப் பார்த்திருப்பதால்தான் இப்போது இவ்வளவு வலிக்கிறது.

அந்தக் காணொளிக்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் என் நண்பர்களும் இருக்கிறீர்கள். ஏன் சிரித்தீர்கள் என்று இங்கேயே எழுதுங்கள். "நகைச்சுவையாக எடுத்துக்கொள்" என்று மட்டும் எழுதாதீர்கள்.