திசை வேறு, வம்சம் வேறு

வட ஆப்பிரிக்காவின் மொழிக் குடும்பமான பெர்பர் மொழிகளின் பழைய வகைப்பாடுகளில் ‘கிழக்குப் பெர்பர்’ என்றொரு தலைப்பு வரும். எகிப்தின் சீவா, லிபியாவின் அவ்ஜிலா, சோக்னா, எல் ஃபொகஹா, கதாமிஸ் என்று பாலைவனச் சோலைகளின் பேச்சு எல்லாவற்றையும் அதற்குள் அடைத்துவிடுவார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அது திசையின் பெயர், வம்சத்தின் பெயர் அல்ல.

ஒரேயொரு ஒலியைப் பாருங்கள். இவை எல்லாவற்றுக்கும் தாயான மூலப் பெர்பரில் உதடு உரசிப் பிறக்கும் வகரம் போன்ற ஒலி ஒன்று இருந்தது. அவ்ஜிலாவிலும் கதாமிஸிலும் அது தப்பியிருக்கிறது. சகாராவின் துவாரெக் மக்கள் பேசும் பெர்பரில் ஹகரமாகிவிட்டது. வடக்கே பெரும்பாலானவற்றில் தேய்ந்து மறைந்தேவிட்டது. ‘இரவு’ என்பதற்கு அல்ஜீரியாவின் கபைல் மக்கள் ‘இட்’ என்பார்கள். அவ்ஜிலாச் சொல்லின் நடுவில் அந்த வகரம் இன்னும் நிற்கிறது.

உடனே அவ்ஜிலாவும் கதாமிஸும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லத் தோன்றும். பாட்டியின் நகையை இரண்டு பேரப்பிள்ளைகள் பத்திரமாக வைத்திருந்தால் அவர்கள் உடன்பிறந்தவர்கள் என்று ஆகிவிடுமா? எந்தக் கிளைப் பேரனும் வைத்திருக்கலாமே! இருவரும் சேர்ந்து புதிதாகச் செய்த மாற்றம்தான் உறவுக்குச் சாட்சி.

அப்படித் தேடினால் சீவாவுக்கு நெருங்கிய சொந்தம் சோக்னாவும் எல் ஃபொகஹாவும்தான் என்கிறார் மொழியியலாளர் மார்ட்டன் கொஸ்மான். இரண்டுமே அவ்ஜிலாவையும் தாண்டி மேற்கே இருப்பவை! பக்கத்துச் சோலையைவிடத் தொலைதூரச் சோலை நெருக்கம் என்றால், மக்கள் பெயர்ந்து வந்த கதை ஒன்று அதற்குள் இருந்தாக வேண்டும்.

சீவாவில் இன்னொரு அழகு உண்டு. ‘அது’ என்று சுட்டும்போது கேட்பவர் ஆணானால் ‘வோக்’, பெண்ணானால் ‘வோம்’. பொருள் மாறவில்லை, கேட்கும் ஆள் மாறியதும் சொல்லே மாறுகிறது. செவ்வியல் அரபுச் சுட்டிலும் இதே வழக்கம் உண்டு. அரபோடு நூற்றாண்டுகளாகப் புழங்கிய மொழி இது. எண்ணுப் பெயர்கள்கூடப் பெரும்பாலும் அரபுதான். பழக்கத்தில் ஒட்டியதைப் பிறப்பில் வந்தது என்று எண்ணினால் வகைப்பாடு முழுக்கப் பிசகும்.

என் மனதை அழுத்துவது வேறு: ஆதாரப் பஞ்சம். சோக்னாவுக்கு 1924இல் இத்தாலிய அறிஞர் சார்னெல்லி எழுதியதும், எல் ஃபொகஹாவுக்கு 1960களில் இன்னொரு இத்தாலியரான பாரதிசி வெளியிட்டதுமே இன்றும் நமக்குப் பெரிய ஆதாரம். அவ்ஜிலாவுக்கு 2014இல் வந்த இலக்கண நூலும் பாரதிசியின் பழைய பதிவுகளைக் கொண்டே எழுதப்பட்டது. மறுஆண்டு வந்த ஆய்வொன்று, அவ்ஜிலா மக்கள் முகநூலில் தங்கள் மொழியில் எழுதியிருந்தவற்றைத் தரவாக எடுத்துக்கொண்டது. அந்தப் பதிவுகளை எழுதியவர்களுக்கு என் வணக்கம்.