ஓர் எலியைச் சமைக்க என்னென்ன வேண்டும்

பூனைக்கு வீட்டிலேயே சமைத்துப் போடலாமா என்று உள்பெட்டியில் கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். நான் சமைப்பதைப் படம் எடுத்துப் போட்ட வினை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன். போடலாம். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி இல்லை. நான் முதலில் நினைத்த மாதிரியும் இல்லை.

என் பூனை கறுப்பி வந்தபோது அவளுக்கு மூன்று மாதம். டப்பாவிலும் பையிலும் வருகிற தீனியில் என்னென்ன ரசாயனம் கலக்கிறார்களோ என்று எனக்கு ஒரே சந்தேகம். பையின் பின்பக்கத்தில் வாயில் நுழையாத பெயர்களாக இருந்தன. வீட்டுப் பிள்ளைக்கு இதையா போடுவது என்று, தினமும் கோழி நெஞ்சுக்கறியை எலும்பும் தோலும் நீக்கி, உப்பில்லாமல் வேகவைத்து, பிய்த்துப் போட்டேன். வெந்த தண்ணீரைக் கொழுப்பென்று கீழே ஊற்றினேன். அவளும் தட்டு பளபளக்கும்வரை நக்கினாள். ரோமம் மின்னியது, வயிறு உருண்டது. இதைவிட என்ன வேண்டும்?

இரண்டு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் சோபாவில் தாவ நிமிர்ந்தவள், தாவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுநாள் பின்னங்கால் ஒன்றைத் தரையில் ஊன்றவில்லை. எங்கேயோ விழுந்திருப்பாள் என்றுதான் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

மருத்துவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "எலும்பு எது, சதை எதுன்னு உங்களுக்குத் தெரியுதா?" என்றார். தெரியவில்லை. எல்லாம் ஒரே சாம்பல். தொடையெலும்பில் மயிரிழையாக ஒரு விரிசல். என்ன சாப்பாடு என்று கேட்டார். பெருமையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "பூனை எலியைப் பிடிச்சா எலும்பை எடுத்து ஓரமா வச்சிட்டா சாப்பிடுது?" என்றார்.

இந்த விஷயத்தில் நான் படித்ததெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு எழுதிய உரைதான். வெறும் சதையில் பாஸ்பரஸ் ஏராளம். கால்சியம் அதில் பதினைந்தில், இருபதில் ஒரு பங்குகூடத் தேறாது. பூனைக்கு இரண்டும் ஏறக்குறைய சமமாக, கால்சியம் ஒரு பிடி கூடுதலாகவே வேண்டும். இரத்தத்தில் கால்சியம் குறைய உடல் விடாது. தீனியில் வராவிட்டால் எலும்பிலிருந்து உருவி எடுத்துக்கொள்ளும். வளர்கிற குட்டியென்றால் புதிதாக வளர்ந்த எலும்பையே கரைக்கும். அதனால்தான் ரோமம் மின்ன மின்ன, வயிறு நிறைய நிறைய, உள்ளே கால் உடைகிறது. ஆறு வாரம் கூண்டில் அடைத்து, குட்டிகளுக்கான முழுமையான டப்பா உணவையே போட்டோம். விரிசல் கூடியது. கால் இன்றைக்கும் லேசாக வளைந்துதான் இருக்கிறது.

பூனையை நாம் சின்ன நாயாகவோ சின்ன மனிதனாகவோ நினைத்துச் சமைக்கிறோம். அது இரண்டும் இல்லை. இறைச்சி தின்றே தீரவேண்டிய பிராணி. பல ஆயிரம் தலைமுறைகளாக எலியையும் பறவையையும் முழுசாகத் தின்று வந்ததில், இரையில் தயாராகக் கிடைப்பதை உடலுக்குள் செய்துகொள்ளும் வேலையைப் பாதி கைவிட்டுவிட்டது. காரட்டில் உள்ள சத்தை நம் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும், பூனையின் உடல் மாற்றாது. வெயிலில் படுத்துக் கிடந்தாலும் போதிய வைட்டமின் டி வராது. இனிப்பின் ருசியே அதற்குத் தெரியாது. அந்தச் சுவையை உணரும் மரபணு பூனைகளில் பழுதாகிக் கிடப்பதை 2005-இல் கண்டுபிடித்தார்கள். ஐஸ்கிரீமுக்கு ஏன் ஓடிவருகிறதென்றால், கொழுப்புக்காக.

எல்லாவற்றையும்விட முக்கியம் டாரின், இறைச்சியில் இருக்கும் ஓர் அமினோ அமிலம். பூனைக்குத் தேவையான அளவை அதன் உடலால் தயாரிக்க முடியாது, ஆனால் பித்தநீர் வழியாக நாள்தோறும் செலவழித்துக்கொண்டே இருக்கும். குறைந்தால் கண்ணின் விழித்திரை சிதையும் என்று 1975-இல் தெரிந்தது. இதயம் வீங்கித் தளரும் என்பது தெரிய 1987 ஆனது. அதுவரை அந்த இதயநோயில் பூனைகள் செத்துக்கொண்டிருந்தன, ஏனென்று யாருக்கும் புரியவில்லை. இதில் கவனிக்க வேண்டியது, அந்தப் பூனைகள் தின்றது கடைத் தீனி. அன்றைய கணக்குப்படி டாரின் சேர்த்த தீனிதான், கணக்கு போதவில்லை. அளவைக் கூட்டியபின் அந்த நோய் அபூர்வமாகிவிட்டது. ஆக, கம்பெனிக்காரர்களுக்கும் பூனையை ஒரே நாளில் புரிந்துவிடவில்லை. அவர்களுக்கே அப்படியென்றால், சமையலறையில் நின்று கண்ணளவில் போடுகிற எனக்கு?

டாரின் தண்ணீரில் கரையும். நான் வடித்துக் கொட்டிய தண்ணீரில் அதுவும்தான் போனது. நெஞ்சுக்கறியில் வேறு அது குறைவு. தொடைக்கறியிலும் இதயத்திலும்தான் அதிகம். பூனைக்கு எது நல்லதோ அதைத் தேடித்தேடி நீக்கியிருக்கிறேன்.

பச்சை இறைச்சிக் கட்சிக்காரர்கள் இந்த இடத்தில் கையைத் தூக்குவார்கள். 1930களில் போட்டெஞ்சர் என்ற மருத்துவர் பூனைகளை வைத்துச் செய்த ஆய்வைக் காட்டுவார்கள்: சமைத்த இறைச்சி தின்ற பூனைகள் தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன, பச்சையாகத் தின்றவை நன்றாக இருந்தன. உண்மைதான். ஆனால் பூனைக்கு டாரின் அவசியம் என்பதே அப்போது யாருக்கும் தெரியாது. அந்த ஆய்வை வைத்துக்கொண்டு சமைப்பதே பாவம் என்று இன்றைக்குச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. பச்சையாகப் போட்டால் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி பூனையோடு நிற்காது, உங்கள் கைக்கும் தரைக்கும் வரும். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வீட்டுப் பூனை பறவைக்காய்ச்சலில் செத்தது. அது தின்ற பச்சை உணவிலேயே அந்தக் கிருமி இருந்தது. நான் வேகவைக்கிறேன். டாரினைப் பிறகு சேர்த்துக்கொள்கிறேன்.

இப்போது என்ன செய்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கால்நடை மருத்துவர்களிலேயே உணவுக்கென்று தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். அப்படி ஒருவர் கறுப்பியின் எடைக்கும் இரத்தப் பரிசோதனைக்கும் பார்த்து ஒரு குறிப்பு எழுதிக்கொடுத்தார். அதில் "கொஞ்சம்", "தேவைக்கேற்ப" என்ற சொற்களே கிடையாது. எல்லாம் கிராம். தொடைக்கறி, இதயம், விரல்நுனி அளவு ஈரல், வெந்த முட்டை, மீனெண்ணெய். முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து மிக்ஸியில் மாவாக அரைத்து, விரலில் நெருடாத அளவுக்குச் சலித்துப் போடுவது கால்சியத்துக்கு. அப்புறம் டாரின், வைட்டமின் ஈ, பி வகைகள், அயோடின், துத்தநாகம். கறி வெந்த தண்ணீர் திரும்பத் தட்டுக்கே வரும். பொடிகளைக் கறி ஆறியபின் கலந்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாக உறையவைப்பேன்.

ஆம், பையின் பின்பக்கத்தில் பார்த்துப் பயந்த அதே பெயர்களைத்தான் இப்போது காசு கொடுத்து வாங்கி என் கையால் கலக்கிறேன். எலியில் இருப்பதை எலி இல்லாமல் சேர்த்தால் அப்படித்தான் பெயர் வரும்.

அந்தக் குறிப்பைப் பகிரச் சொல்லிக் கேட்காதீர்கள், தரமாட்டேன். அது ஒரு பூனைக்கு எழுதியது. உங்கள் பூனைக்குச் சிறுநீரகம் எப்படி, சிறுநீரில் கல் உண்டா, எனக்கென்ன தெரியும்? இணையத்திலும் புத்தகங்களிலும் கிடைக்கிற பூனை உணவுக் குறிப்புகளைக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் எடுத்துச் சோதித்து 2019-இல் வெளியிட்டார்கள். எடுத்தது 114. கணக்குப் போடுமளவுக்கு விவரம் இருந்தவற்றில் ஒன்றுகூட எல்லாச் சத்துகளையும் உரிய அளவில் தரவில்லை. கால்நடை மருத்துவர்கள் எழுதியவையும் அதில் அடக்கம்.

ஈரல் நல்லதுதானே என்று தினமும் அள்ளிப் போடுபவர்களைப் பார்க்கிறேன். வைட்டமின் ஏ மிஞ்சி, கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பூனையால் குனிந்து தன் முதுகை நக்க முடியாது. பச்சை மீன் தொடர்ந்து போட்டால் அதிலுள்ள நொதி வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும், தலை தொங்கி வலிப்புவரை போகும். வெந்த எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் குத்தும். வெங்காயம், பூண்டு, அவை விழுந்த குழம்பின் கறி எதுவும் கூடாது, இரத்தச் சிவப்பணு உடையும். பூனையை சைவமாக்கப் பார்க்கிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன்: முயல் வளர்க்கலாமே.

அப்படியானால் எதற்கு இந்தப் பாடு? தண்ணீருக்காக. எலியில் முக்கால் பாகத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தண்ணீர். உலர் தீனியில் பத்து சதவீதம்தான். பாலைவனத்துப் பிராணியின் வாரிசு என்பதால் பூனைக்குத் தாகமே குறைவு. கிண்ணம் நிறைய வைத்தாலும் ஈடுகட்டுமளவுக்குக் குடிக்காது. ஈரமான சாப்பாடு போட்டபிறகு கறுப்பியின் மணல்தட்டில் சிறுநீரில் நனைந்து திரளும் மணல்கட்டிகள் பெரிதாகின. அது எனக்கு நிஜமான மகிழ்ச்சி, சிரிக்காதீர்கள். ஆனால் நேர்மையாகச் சொன்னால் டப்பாவில் வரும் ஈர உணவிலும் இதே தண்ணீர் இருக்கிறது. அதனால் வாரத்தில் பாதி நாள் அவளுக்கு டப்பாதான்.

கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு என் பதில் இது. "முழுமையான உணவு" என்று அச்சிட்டதை வாங்கிப் போடுங்கள். ஆசைக்கு அதன்மேல் உப்பில்லாத வெந்த கறி வையுங்கள். நாலு கிலோ பூனைக்கு நாளுக்குப் பன்னிரண்டு கிராம், உங்கள் கட்டைவிரல் அளவு. மொத்தச் சாப்பாட்டில் பத்தில் ஒரு பங்குக்குள் அது நிற்கும்வரை எதுவும் கெடாது. குட்டிக்கும் சினைப்பூனைக்கும் சொந்தச் சமையல் வேண்டவே வேண்டாம். முழுசாக மாறுவதானால் மருத்துவரிடம் குறிப்பு வாங்கி, பத்து நாள் எடுத்து, பழையதில் புதியதைக் கலந்து கலந்து மாற்றுங்கள். பசித்தால் தானே தின்னும் என்று பட்டினி போட்டுவிடாதீர்கள். குண்டுப்பூனை இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து உயிருக்கு ஆபத்தாகிவிடும்.

இன்று காலை புதிதாக ஒரு சட்டி வைத்தேன். தராசை மேசையில் வைத்ததுமே பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்துகொண்டாள். எண்பது கிராம் அளந்து, வெதுவெதுப்பாக்கி வைத்தேன். மோந்தாள். கறி வெந்த தண்ணீரை மட்டும் ஒரு சுற்று நக்கினாள். அப்புறம் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மணல்தட்டில் செய்வதைப் போலவே, தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டிப் பிறாண்டி மூடினாள்.

முட்டை ஓட்டைச் சரியாகச் சலிக்கவில்லை போலிருக்கிறது. மதியம் ஒரு டப்பா திறந்தேன்.